ஒமுர்சாக் பார்த்த டயர்

நாரின் பஸ் நிலையத்து டாக்ஸிக்காரர்கள் ஒமுர்சாக்குக்கு வைத்திருந்த பெயர் மருத்துவச்சி. எப்போது பார்த்தாலும் வண்டிக்கு அடியில் கிடக்கிறார், எதையாவது வெளியே இழுத்துப் போடுகிறார் என்பதால் வந்த பெயர். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் வலி வரல, போய் டீ குடிங்கடா” என்பார்.

அவருடையது பழைய ஜப்பான் கார். நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போய், மறுநாள் ஆள் ஏற்றித் திரும்புவார். வழியில் தோலோன் மலைக்கணவாய். அந்த வளைவுகளில் முன்சக்கரங்கள்தான் ரோட்டைக் கடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதனால் முன் டயர்கள் சீக்கிரம் ஓரம் தேய்ந்துபோகும். பின்னால் இருப்பவை புதுசு மாதிரியே இருக்கும். எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒமுர்சாக் நாலு சக்கரத்தையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டுவிடுவார். முன்னால் இருந்தவை நேராகப் பின்னால் போகும். பின்னால் இருந்தவை இடமும் வலமும் மாறி முன்னால் வரும். இதில் ஒளித்துவைத்த வித்தை எதுவும் இல்லை. எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அரைநாள் போய்விடும், கிடைத்த சவாரி அடுத்தவனுக்குப் போய்விடும். அதனால் மற்றவர்கள் செய்யமாட்டார்கள், இவர் செய்வார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு காலத்தில் அவர் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மெதெர் என்று ஒரு மூத்த ஓட்டுநர். ஒருநாள் அவருடைய வண்டியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து கதவு சாத்துகிற நேரத்தில், “மெதெர் அண்ணே, முன்டயர்ல கம்பி தெரியுது, இதோட கணவாய் ஏறாதீங்க” என்று சொல்லிவிட்டார். மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்தார். உள்ளே இருந்த பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். மெதெர் அத்தனை பேர் முன்னாலும் ஒமுர்சாக்கின் சட்டைக் காலரைப் பிடித்தார். “என் பிள்ளைங்க வாயில மண்ணைப் போடுறியா நீ?” அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க வரிசையில் ஒமுர்சாக்கின் வண்டி கடைசியில்தான் நின்றது. யாரும் இடம் விடவில்லை, யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

அவருடைய மனைவி புருல்கான் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். பெரிய குரல், பெரிய சிரிப்பு. அவள் அடுப்படியில் சிரித்தால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று சொல்வார்கள். அன்று கிழிந்த காலரைத் தைத்துக்கொண்டே, “உங்க வண்டிய நீங்க பாருங்க. ஊரான் வண்டிய ஊரான் பாத்துக்குவான். எதுக்கு உங்களுக்கு இந்தப் பொல்லாப்பு?” என்றாள். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதன் பிறகு யாருடைய டயரையும் பற்றி வாய் திறக்கவில்லை. கண் மட்டும் பழக்க தோஷத்தில் போய் விழும். விழுந்தவுடன் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

நவம்பரில் கணவாயில் பனி விழத் தொடங்கிய வாரம். கோச்கோரிலிருந்து புருல்கானின் அண்ணன் எசென்பெக் போன் செய்தான். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, உன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், உடனே புறப்பட்டு வா என்றான். கோச்கோர் பிஷ்கெக் போகிற வழியில்தான் இருக்கிறது. மறுநாள் சவாரியில் அவளையும் ஏற்றிப் போய் இறக்கிவிடுவதாக ஒமுர்சாக் சொன்னார்.

காலையில் புறப்படுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்தவர், இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். விரலில் கம்பி குத்தியது. வெளிப்பக்கம் பார்த்தால் டயர் நன்றாக இருந்தது. உள்ளோரம் மட்டும் தேய்ந்து கம்பி வெளியே வந்திருந்தது. சென்ற முறை மாற்றிப் போட வேண்டிய சமயத்தில் ஒரு கல்யாண சவாரி வந்ததால் தள்ளிப்போட்டிருந்தார். அதன் பலன். அவர் ஜாக்கியை எடுத்துவந்து முற்றத்திலேயே வண்டியைத் தூக்கினார். பின்சக்கரங்களை முன்னுக்குக் கொண்டுவருவது, கெட்டுப்போனதைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்டெப்னியைப் பின்னால் போடுவது என்று திட்டம். நட்டுகள் குளிரில் இறுகிக் கிடந்தன. ஒன்று துருவேறி அசையவே இல்லை.

புருல்கான் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தாள். பையில் அம்மாவுக்குப் பிடித்த பொரித்த ரொட்டி, கம்பளிக் காலுறை, காய்ந்த தயிர் உருண்டைகள்.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“இந்த ஒரு நட்டு வந்துட்டா முடிஞ்சிடும்.”

“இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க? அங்க எங்கம்மா உசுரு போயிட்டிருக்கு. இங்க நீங்க டயருக்கு மருந்து போட்டுட்டிருக்கீங்க.”

அப்போதுதான் தெருவில் ஜெனிஷின் வேன் வந்தது. ஜெனிஷ் ஒமுர்சாக்கை விட வயதில் சின்னவன். ஒரே நிலையம், ஒரே பாதை. வண்டி நின்றுபோன இடங்களில் ஒருவருக்கொருவர் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். ஒமுர்சாக்கின் மகள் பெர்மெட் பிறந்த அன்று மருத்துவமனைக்கு வெளியே குளிரில் கூட நின்றவன் அவன். கண்ணாடியை இறக்கினான்.

“என்னண்ணே, இன்னிக்குப் பிரசவம் வீட்டுலயேவா? ஆணா பொண்ணா?”

வேனுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். புருல்கானும் சிரித்துவிட்டாள். “ஜெனிஷ், கோச்கோர் வரைக்கும் ஒரு இடம் இருக்கா தம்பி? எங்கம்மாவுக்கு முடியல.”

“உங்களுக்கு இல்லாத இடமா அண்ணி? முன்சீட்டு உங்களுக்குத்தான். ஏறுங்க.”

ஒமுர்சாக் நட்டுச் சாவியை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். வேனின் முன்சக்கரம் அவர் கண்ணில் பட்டது. ஜெனிஷ் வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை ஒடித்திருந்ததால் டயர் முழுசாக வெளியே தெரிந்தது. உரித்த முட்டை மாதிரி இருந்தது. நடுவில் ஒரு கோடு மட்டும் ஆங்காங்கே மிச்சம். கோடைகால டயர் வேறு.

அவர் வாயைத் திறந்தார். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒரு முதியவர், கல்லூரிக்குப் போகிற இரண்டு பெண்கள். மெதெரின் கை காலரைப் பிடித்தது ஞாபகம் வந்தது. ஜெனிஷ் நல்ல பையன், பலர் முன்னால் அவனை அவமானப்படுத்தக் கூடாது என்றும் நினைத்தார். கணவாயில் உப்பும் மணலும் தூவியிருப்பார்கள் என்று நினைத்தார். இத்தனை நாளாக இதே டயரில் போய் வந்துகொண்டுதானே இருக்கிறான் என்று நினைத்தார். இத்தனையும் நினைத்து முடிப்பதற்குள் பை உள்ளே போய்விட்டது.

“மெதுவாப் போடா,” என்று மட்டும் சொன்னார்.

“நீங்க ஆக வேண்டியதப் பாருங்கண்ணே,” என்றான் ஜெனிஷ். புருல்கான் கண்ணாடி வழியாக, “அடுப்புல சூப் இருக்கு, சாப்பிட்டுட்டு வாங்க” என்று சொன்னாள். வேன் போய்விட்டது.

துருவேறிய நட்டு அதற்குப் பிறகு சீக்கிரமே கழன்றுவிட்டது.

அவர் நிலையத்தில் தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறியபோது வெயில் அடித்தது. உச்சியைத் தாண்டி இறங்குகிற முதல் பெரிய வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆட்கள் ரோட்டோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கூட்டம் நின்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் பாதையில் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். ஒமுர்சாக் வண்டியை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் போனார். அந்தக் கல்லை வைத்த நேரத்தைப் பிற்காலத்தில் அவர் அடிக்கடி நினைத்துக்கொள்வார். அதுவரைக்கும் கீழே கிடப்பது யாருடைய வண்டி என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது.

வேன் சரிவில் பக்கவாட்டில் கிடந்தது. முதியவர் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். ஜெனிஷ் பனியில் கிடந்தான், அவனுடைய இடது கால் ஒரு மனிதனின் கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கொஞ்சம் தள்ளி, யாரோ ஒரு லாரிக்காரர் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றிப் போர்த்தியிருந்தார். கோட்டுக்கு வெளியே புருல்கானின் பச்சைக் காலுறை தெரிந்தது. பொரித்த ரொட்டிகள் சரிவெங்கும் சிதறிக் கிடந்தன.

“பனிண்ணே,” என்றான் ஜெனிஷ். பல்லோடு பல் அடித்தது. “வெறும் பனி. பிரேக்க மிதிச்சேன், அது பாட்டுக்குப் போயிடுச்சு. பனிதான்ணே.”

ஒமுர்சாக் வேனைத் திரும்பிப் பார்த்தார். அதன் முன்சக்கரம் வானத்தைப் பார்த்து நின்றது. அந்த வழவழப்பின் மேல் பனி ஒட்டக்கூட இல்லை.

புருல்கானைக் கிடத்துவதற்கு வீட்டு முற்றத்தில் கூடாரம் எழுப்பினார்கள். உள்ளே பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வெளியே ஒமுர்சாக் கம்பில் சாய்ந்து நின்று, வருகிறவர்களைப் பார்த்து முறைப்படி குரலெடுத்து அழுதார். அழுகிற அந்த நேரத்தில்தான் சற்று நிம்மதியாக இருந்தது. அழுகை நின்றதும் யாராவது ஏதாவது கேட்டார்கள். கேட்டவர்களில் மச்சான் எசென்பெக் முதல் ஆள்.

“உங்களுக்கு வண்டி இருக்கு. என் தங்கச்சி எதுக்கு அடுத்தவன் வண்டியில போனா?”

“சக்கரம் கழட்டிக் கிடந்துச்சு மச்சான்.”

“ஒரு நாள் கழட்டாம இருந்தா செத்தா போயிருப்பீங்க?” எசென்பெக் குரலை உயர்த்தவில்லை. “டயருக்குக் காட்டின அக்கறைய அவளுக்குக் காட்டியிருக்கலாம்.”

எசென்பெக்குக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி ஒமுர்சாக்குக்கு மட்டுமே தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோச்கோரில் படுத்திருந்த மாமியாரிடம் மகள் செத்ததைச் சில நாள் மறைத்து வைத்தார்கள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். வசந்தம் வந்தபோது எழுந்து நடமாடினாள்.

வழக்கு வந்தது. செத்தவரின் குடும்பம் தங்களுக்குக் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால், இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் இலேசாக முடிந்துவிடும். ஜெனிஷின் மனைவி சல்தனத் ஒரு காலைநேரம் வந்தாள். கைக்குழந்தை இடுப்பில். வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, ரோட்டுல பனி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே. பனி இருந்துச்சுதானே?”

“இருந்துச்சும்மா.”

“அது போதும்ணே. அதுக்கு மேல உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. அவருக்குக் கால் போச்சு. ராத்திரியெல்லாம் அண்ணி அண்ணின்னு கத்துறாரு. அவர் வேணும்னா செஞ்சாரு?”

“இல்லம்மா. அவன் வேணும்னு செய்யல.”

அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பனி என்று சொல்லிவிடலாம் என்றுதான் அன்று அவர் முடிவு செய்திருந்தார். அப்படிச் சொன்னால் ஜெனிஷும் தப்பிப்பான், தானும் தப்பிப்பார் என்பது இரவில் படுத்திருக்கும்போது உறைத்தது. பிறகு தூக்கம் வரவில்லை.

நீதிமன்றத்தில் எசென்பெக் இருந்தான், பெர்மெட் இருந்தாள், ஊன்றுகோலோடு ஜெனிஷ் இருந்தான். வேனின் டயர்கள் தேய்ந்திருந்தன என்று அரசுத் தரப்பு சொன்னது. உருண்டு விழுந்ததில் ஏற்பட்ட சேதத்தைத் தேய்மானம் என்கிறார்கள் என்றார் ஜெனிஷின் வக்கீல். நீதிபதி, கொஞ்சம் அலுப்போடு, ஒமுர்சாக்கைப் பார்த்தார்.

“அன்னிக்குக் காலைல அந்த வண்டி உங்க வீட்டு வாசல்ல நின்னிருக்கு. நீங்களும் ஓட்டுநர். டயரப் பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“வழவழன்னு இருந்துச்சு. கோடைகால டயர். ஒண்ணும் மிச்சமில்ல.” நீதிபதி எழுதிக்கொண்டிருந்தபோது யாரும் கேட்காமலே அவர் மேலும் சொன்னார். “பாத்துட்டுதான் ஏத்தினேன். பைய நான்தான் வச்சேன்.”

சல்தனத் முகத்தை மூடிக்கொண்டாள். எசென்பெக் எழுந்து ஒமுர்சாக்கின் அருகில் வந்து ஒரு நொடி நின்றான். அடிப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் பெர்மெட்டின் தோளைத் தொட்டு, “வா போகலாம்” என்றான். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். போய்விட்டாள். மாமாவின் வீட்டில் இருந்து படிப்பை முடித்தாள். பிறகு மாஸ்கோவுக்குப் போனாள், அங்கே ஒரு பேக்கரியில் வேலை. பெருநாளுக்குப் போன் செய்வாள். உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே குளிரா என்று கேட்பாள். அம்மாவைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

ஜெனிஷைச் சிறை முகாமுக்கு அனுப்பினார்கள். அவன் இல்லாத காலத்தில் ஒமுர்சாக் அவன் வீட்டு வாசலில் ஒரு மூட்டை மாவு இறக்கி வைத்தார். அடுத்த நாள் அந்த மூட்டை அவர் வீட்டு வாசலில் கிழிந்து கிடந்தது. தெருநாய்களின் மூக்கெல்லாம் வெள்ளை.

தண்டனை முடிந்து ஜெனிஷ் ஊருக்கு வந்ததாகக் கேள்விப்பட்டபோது ஒமுர்சாக் போய்ப் பார்க்கவில்லை. அவனே வந்தான். நொண்டி நொண்டி முற்றத்தைக் கடந்தான். ஒமுர்சாக் உட்காரச் சொல்லி, விரிப்பைப் போட்டு, ரொட்டியும் தேநீரும் வைத்தார். தனி ஆளின் வீடு. கோப்பையில் விரிசல் இருந்தது.

“உங்க மேல கோபமா வரல,” என்றான் ஜெனிஷ். “டயரு என்னுது. கால் என்னுது. எல்லாம் நான் செஞ்சது. அங்க இருந்தப்ப ஒரே ஒரு கேள்விதான்ணே மண்டைய அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அத கேட்டுட்டுப் போயிடறேன்.”

“கேளு.”

“ஜட்ஜுகிட்ட சொன்னீங்க. ஊரு முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னீங்க. அன்னிக்குக் காலைல என்கிட்ட ஏன்ணே சொல்லல? என் பக்கத்துலதானே நின்னீங்க. காதுல சொல்லியிருந்தாக்கூடப் போதுமே.”

ஒமுர்சாக் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதெரைப் பற்றிச் சொல்லலாம், வேனில் இருந்தவர்கள் சிரித்ததைச் சொல்லலாம். சொல்லிப் பார்த்தால் எல்லாமே அற்பமாக இருக்கும் என்று தோன்றியது.

“நீ சிரிப்பேன்னு நினைச்சேன்,” என்றார்.

ஜெனிஷ் யோசித்தான். “சிரிச்சிருப்பேன்,” என்றான். “ஆமா. சிரிச்சிட்டு ஓட்டிட்டுத்தான் போயிருப்பேன். ஆனா அண்ணி இறங்கியிருப்பாங்க.”

ரொட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். தேநீரைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்கு வரவில்லை. இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்வார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒமுர்சாக் ஆரம்பித்தார். நிலையத்துக்கு விடியும்போதே வந்து, வரிசையில் நிற்கிற ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் குனிந்து, உள்ளோரத்தில் கையை விட்டுப் பார்ப்பார். நன்றாக இருந்தால் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போவார். இல்லையென்றால் ஓட்டுநரிடம் தணிந்த குரலில் சொல்வார். “பின்னால இருக்கறத முன்னால மாத்திட்டுப் போப்பா, ஜாக்கி நான் தரேன், கூட நின்னு மாத்தியும் தரேன்.” கேட்டவர்கள் உண்டு, கொஞ்சம் பேர். கேட்காதவர்களிடம் வாக்குவாதம் செய்ய மாட்டார். நேராகக் கதவைத் திறந்து உள்ளே இருப்பவர்களிடம் சொல்வார். “இந்த வண்டியில போகாதீங்க. டயர் தேஞ்சிருக்கு.”

ஏசினார்கள். வண்டியை அவர் காலருகே உரசிக்கொண்டு எடுத்தார்கள். “பொண்டாட்டிய முழுங்கினவன் எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்” என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான். ஒரு தடவை கழிப்பறைக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். முன்பல் ஒன்று போயிற்று. அடித்தவர்களில் மெதெரின் மகன் இருந்தான். ஒமுர்சாக் போலீசுக்குப் போகவில்லை. மறுநாள் உதடு வீங்கியபடியே வந்து முதல் வண்டியின் முன்னால் குனிந்தார். அவருடைய சொந்த வண்டிக்கு ஆட்கள் ஏறுவது குறைந்துபோனது. அந்த ஆள் ஒரு மாதிரி என்று ஊருக்குள் பேச்சு. பாதிநாள் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவார்.

போன ஜனவரியில் ஒருநாள் மதியம். மெதெரின் மகனுடைய வண்டியில் ஓர் இளம்பெண் குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்டயர் இரண்டும் கோடே இல்லாத வெறும் ரப்பர். ஒமுர்சாக் கதவைத் திறந்தார்.

“இறங்கிடும்மா. இந்த டயர் கணவாய்ல பிடிக்காது. அடுத்த வண்டியில இடம் இருக்கு, நான் பேசறேன்.”

அவள் ஓட்டுநரைப் பார்த்தாள். அவன் புகையை ஊதிவிட்டுச் சிரித்தான். “இது பைத்தியம், தங்கச்சி. எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லும். கதவச் சாத்து.”

“பாப்பாவுக்கு ஊசி போட நேரம் ஆச்சு அண்ணே,” என்றாள் அவள், மன்னிப்புக் கேட்கிற குரலில். “அடுத்த வண்டின்னா ரொம்ப லேட் ஆகும்.” கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

வண்டி போன பிறகு ஒமுர்சாக் நிலையத்து வாசலிலேயே நின்றார். தன் வண்டிக்கு வந்த ஒரு சவாரியை அனுப்பிவிட்டார். டீக்கடைக்காரி ரோசா உள்ளே வந்து உட்காரச் சொன்னாள், வரவில்லை. கணவாயிலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொரு வண்டியையும் கைகாட்டி நிறுத்தி, வழியில் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார். பனி கொட்டுகிறது என்றார்கள், வேறு எதுவும் பார்க்கவில்லை என்றார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ரோசாவின் போன் அடித்தது. அவள் கேட்டுவிட்டு, வாசலுக்கு வந்து போனை அவரிடம் நீட்டினாள். மெதெரின் மகன்.

“மருத்துவச்சி, கேட்டுக்கோ. பிஷ்கெக் வந்து சேர்ந்தாச்சு. தாயும் சேயும் நலம்.” பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“சரிப்பா,” என்றார் ஒமுர்சாக். “சரி. திரும்பி வரும்போதாவது மாத்திட்டு வா.”

அவன் அதற்குள் போனை வைத்துவிட்டான். ரோசா அவரை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, ஒரு கோப்பை தேநீரை அவர் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மேசையில் சிந்தியது. அவள் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடியும் ஊற்றினாள்.